தலைச்சன் பிள்ளைக்கு நாடு இல்லை

ஆலங்குடியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. காலையில் அங்கே ரேடியோ பாடுகிறது. பாட்டுக்கு நடுவில் ஒருவர் அழகான தமிழில் மணி சொல்கிறார். கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பில் உட்கார்ந்துகொண்டு அவர் சொல்லும் மணியைக் கேட்டு, கடலைக்காய் மூட்டையோடு சந்தைக்குக் கிளம்பிய சம்சாரி இங்கே தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறார். இதில் யாருக்கும் எந்த விசித்திரமும் தெரியவில்லை. எனக்கு மட்டும் கையிலிருக்கும் டீ ஆறிப்போகிறது. அந்தக் குரலுக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை, கடல் தாண்டுமுன் மண்டபம் முகாமில் தடுப்பூசி குத்திக்கொள்ளத் தேவையில்லை, தனுஷ்கோடியில் சுங்கக்காரனிடம் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டத் தேவையில்லை. அது நினைத்தபோது வருகிறது, நினைத்தபோது போகிறது. ஒரு குரலைப் பார்த்து எனக்குப் பொறாமை. சிரிப்பதானால் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இனி நான் எழுதப்போவது முழுவதும் அதைப் பற்றித்தான்.

"சிலோன்காரரே, ஒங்க ஊருப் பாட்டு. சத்தமா வைக்கவா?" என்பார் டீக்கடைக்காரர். நான் பிறந்த வீடு அந்தக் கடையிலிருந்து கூப்பிடு தூரம். அவர் பிறந்ததோ தஞ்சாவூர் ஜில்லாவில். ஆனாலும் ஊர்க்காரர் அவர், வெளியூர்க்காரன் நான். திருகோணமலையில் இருந்தபோது பக்கத்து வீட்டு வாத்தியார் என்னை 'இந்தியாக்காரர்' என்றே அழைத்தார். ஆறுமாதக் கைக்குழந்தையாக அங்கே போய், அங்கேயே மீசை முளைத்து, அங்கேயே அது நரைக்கவும் தொடங்கிய ஆள் நான். சிலோனில் இன்னும் இருக்கிற நம்மவர்களும், மகனையோ மருமகனையோ அங்கே அனுப்பிவிட்டு இங்கே இருக்கிறவர்களும் இதைப் படித்தால், நான் சொல்வது எந்தக் கரையிலிருந்து என்று குழம்ப வேண்டாம். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். எனக்கு எந்தக் கரையில் நின்றாலும் மற்றதுதான் பச்சை.

முதலில் எங்கள் குடும்பக் கதையைச் சொல்லிவிடுகிறேன். தாத்தா காலத்தில் வெள்ளைக்காரக் கப்பல்களுக்குக் கரி ஏற்றப் போனவர்கள் நாங்கள். திருகோணமலைத் துறைமுகம் ஆழமானது, மலைகள் சுற்றி நின்று காற்றைத் தடுக்கும் இடம். கிழக்குக் கடல் முழுவதற்கும் அதைத்தான் காவல் கொட்டகையாக வைத்திருந்தான் வெள்ளைக்காரன். தாத்தா சம்பாத்தியம் அங்கே, குடும்ப முறைகள் எல்லாம் இங்கே. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வர வேண்டும் என்பதை நம் சீமையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதன்படி என் அப்பா, மூத்தவர், ஆலங்குடிப் பக்கம் பிறந்தார். இரண்டாம் பிரசவத்துக்கு யாரும் கடல் தாண்ட மாட்டார்கள். அதனால் சித்தப்பா திருகோணமலையில் பிறந்தார். அடுத்த தலைமுறையில் நான் என் அம்மாவின் தலைச்சன். முறை தப்பாமல் ஆலங்குடிக்கு வந்து பிறந்தேன்.

சித்தப்பா மகன் தங்கராசும் தலைச்சன்தான். ஆனால் அவன் கதை வேறு. சித்தப்பா ஊருக்கு வந்திருந்தபோது ஒரு பெண்ணை விரும்பி, அவள் வீட்டாருக்குத் தெரியாமல் கப்பல் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் பிறந்த வீட்டில் தலை முழுகிவிட்டார்கள். பிரசவம் நெருங்கியபோது அழைத்துப்போக ஒரு நாதி வரவில்லை. தங்கராசு துறைமுகத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறந்தான். 'தாய்வீடு இல்லாதவள்' என்று எங்கள் வீட்டுப் பெண்கள் சித்தியைப் பல வருஷம் பேசினார்கள். எங்கள் வீட்டில் ஒரு வளைகாப்பு வந்தால் அவள் பின்கட்டில் நின்றுகொள்வாள்.

நானும் தங்கராசும் வளர்ந்து ஒன்றாகவே கடற்படை யார்டில் சேர்ந்தோம். இரண்டு பேருக்கும் ஸ்டோரில் வேலை. கயிறு, பெயின்ட், தார், பித்தளை ஆணி. கப்பல்காரன் கேட்பதை எடுத்துக் கொடுப்பது. நாற்பத்தெட்டாம் வருஷம் பிப்ரவரியில் தீவுக்குச் சுதந்திரம் வந்தது. தெருவெல்லாம் தோரணம், வீட்டுக்கு வீடு கொடி. மறுநாள் காலையில் நாங்கள் வழக்கம்போல யார்டு கேட்டுக்குப் போனால் அதே வெள்ளைக்கார சிப்பாய் நிற்கிறான், உள்ளே அதே கொடி பறக்கிறது. தீவு தன்னைத்தானே ஆண்டுகொள்ளும், ஆனால் வெளிப்பகை வந்தால் வெள்ளைக்காரன் காவல், அதற்காகத் துறைமுகமும் விமான நிலையமும் அவன் கையில் இருக்கும் என்று ஒப்பந்தம். யார்டில் எல்லோருக்கும் வேலை நிலைத்தது. சிலர் இதென்ன சுதந்திரம், வீட்டுக்குப் பத்திரம் நம் பெயரில், வாசல் சாவி அவன் இடுப்பில் என்று கிண்டல் செய்தார்கள்.

எனக்குக் கிண்டல் வரவில்லை, வயிறு எரிந்தது. ஏனென்றால் அப்படி ஓர் ஏற்பாட்டை நான் ஏற்கனவே அறிவேன். நம் புதுக்கோட்டை சமஸ்தானம் கடலில்லாத தீவாகத்தானே இருந்தது? சுற்றிலும் தஞ்சாவூர், திருச்சி, ராமநாதபுரம் என்று வெள்ளைக்காரன் ஜில்லாக்கள். நடுவில் நமக்கென்று ராஜா, நமக்கென்று கோர்ட்டு, நமக்கென்று அம்மன் காசு என்ற நாணயம். படை பலத்துக்கு மட்டும் வெள்ளைக்காரன். யார்டில் யாராவது ஊர் கேட்டால் இந்தியா என்று சொல்ல மாட்டேன், சமஸ்தானம் என்பேன். பிப்ரவரியில் தீவு ராஜ்யமாயிற்று. அடுத்த மாதம் மார்ச்சில் நம் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவில் ஒரு பகுதியாயிற்று. ஊரிலிருந்து வந்த ஒருவர் படகுத்துறையில் வைத்து இதைச் சொன்னார். "ராசா கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாருங்க. எல்லாம் ஒண்ணாப் போச்சு. நல்லதுதானே?" என்றார். நல்லதுதான். பெரிய தேசத்தோடு சேர்வது கெட்டதா? ஆனால் ஒரே மாதத்தில் ஒரு தீவு எழுந்ததையும் இன்னொன்று கரைந்ததையும் பார்த்தவனுக்கு அவ்வளவு சுலபமாகச் சந்தோஷம் வராது. இந்தத் தீவுக்காரர்களுக்கு மட்டும் எப்படி வாய்த்தது என்றுதான் தோன்றியது.

அந்த வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்தது. யார்டு கேன்டீனில் ஒருவர் பேப்பரைப் பார்த்து உரக்கச் சொன்னார். தீவில் பிறந்திருக்க வேண்டும், அப்பாவும் தீவில் பிறந்திருக்க வேண்டும். அப்படியானால் குடிமகன். நான் கையில் பால் விடாத பிளேன் டீயோடு நின்றேன். எதிரே தங்கராசு பாண் ரொட்டியை டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். அவன் அப்பா பிறந்தது இரண்டாம் பிரசவத்தில், தீவில். அவன் பிறந்தது அநாதைப் பிரசவத்தில், தீவில். மேளதாளத்தோடு ஊருக்கு வந்து பிறந்த நானும் என் அப்பாவும் அந்நியர்கள். அவனுக்கு அது உறைக்கக்கூட இல்லை. "என்னண்ணே, டீ ஆறுது" என்றான். ஒரே வயிற்று வம்சம், ஒரே ஸ்டோர், ஒரே தார் வாசனை. அவனுக்கு நாடு இருக்கிறது, எனக்கு இல்லை. அன்றைக்குப் பிடித்த தீ இன்னும் அணையவில்லை.

வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களும் மனுப்போடலாம் என்று பிறகு இன்னொரு சட்டம் வந்தது. போட்டேன். சில வருஷம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தங்கராசு துணைக்கு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். உள்ளே சிங்கள அதிகாரி ஒருவர், நல்ல மனிதர், முகம் கொடுத்துப் பேசினார். மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். நான் வெள்ளை வேட்டி சட்டையில், கௌரவமான குடும்பம் என்று காட்டிவிட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் போயிருந்தேன்.

"உம்மட மனுசி பிள்ளைப்பெறுவுக்கு ஏன் இந்தியாவுக்குப் போனவ? இங்க ஆஸ்பத்திரி இல்லையோ?" என்று என் மனைவியைப் பற்றி அதிகாரி கேட்டதைத் தமிழில் சொன்னார் யாழ்ப்பாணத்துக்காரர்.

"இருக்குங்க. நல்ல ஆஸ்பத்திரிங்க. ஆனா தலைப்பிரசவம் தாய்வீட்டுலதாங்க பாக்கணும். அவங்க அண்ணன் தம்பியெல்லாம் சீரோட வந்து, வளையல் அடுக்கி, மொறையாக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. எங்க அம்மாவும் அப்படித்தாங்க போனாங்க. நாங்க மொறை தப்பாத குடும்பங்க."

அதிகாரி மெதுவாகத் தலையாட்டினார். அவர் மெச்சுகிறார் என்று நினைத்து நான் மேலும் சொன்னேன். எங்கள் மகள் பார்வதி பிறந்த நாற்பத்திரண்டாம் வருஷம்தான் ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டான். கப்பல்களைத் தேடி வந்தவன், எண்ணெய்த் தொட்டியையும் விடவில்லை, அது நாள்கணக்கில் எரிந்தது. காவலுக்கு நிறுத்திய கப்பல்தான் எமனையும் அழைத்துக்கொண்டு வந்தது. பச்சைப்பிள்ளையோடு இங்கே வராதே, சண்டை முடியட்டும் என்று என் மனைவி மீனாட்சிக்கு நானே சொல்லி அனுப்பினேன். சண்டை முடிந்துதான் அவளும் மகளும் வந்தார்கள். பொறுப்புள்ள குடும்பத்தலைவன் வேறென்ன செய்வான் என்று அதிகாரியைக் கேட்டேன். அவர் எழுதுகோலை எடுத்துக்கொண்டார். மனைவியும் மக்களும் தொடர்ந்து தீவிலேயே குடியிருந்திருக்க வேண்டும் என்பது விதி. நான் என் கௌரவத்துக்குச் சாட்சியாகச் சொன்ன ஒவ்வொன்றும் என் மனுவுக்கு எதிர்ச்சாட்சியாக இறங்கியது. வெளியே வந்தபோது தங்கராசு உளுந்து வடை தின்றுகொண்டிருந்தான். எனக்கும் ஒன்று வாங்கி வைத்திருந்தான். அவன் நல்லவனாக இருந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மனு தள்ளுபடியாயிற்று. யார்டு வேலை இருந்தது, தற்காலிகமாகத் தங்க அனுமதிச் சீட்டு இருந்தது, அதை வைத்து ஓட்டினேன். வெள்ளைக்காரன் அங்கே இருக்கும்வரை அவன் யாரிடமும் அப்பா எங்கே பிறந்தார் என்று கேட்கவில்லை. கயிறு எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டான். ஆனால் ஐம்பத்தாறில் ஆட்சி மாறியது. எங்கள் துறைமுகத்தில் அந்நியப் படை எதற்கு, நாங்கள் எந்தப் பக்கத்துக்கும் சாராதவர்கள் என்று புதிய அரசு சொன்னது. சண்டையில்லை, ரத்தமில்லை. மறு வருஷம் வெள்ளைக்காரன் கொடியை இறக்கி, மடித்து, எடுத்துக்கொண்டு போனான். பேண்டு வாசித்தார்கள். கரையில் ஜனம் கைதட்டியது. ஒரு சின்னத் தீவு, போய் வா என்று சொல்ல, அத்தனை பெரிய கப்பல் படை தலைகுனிந்து போவதைப் பார்க்க எனக்கு மெய்சிலிர்த்தது. நானும் கைதட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே என் சோறு அந்தக் கப்பலில் போகிறது என்பதும் தெரிந்தது. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். எனக்குப் படை இருந்தவரை அச்சமில்லை, அது போனபிறகுதான் தம்பியைப் பார்க்கவே கூசியது. யார்டு தீவு அரசின் கைக்கு வந்ததும் குடிமக்களுக்கு முதலிடம் என்றார்கள். தங்கராசு உள்ளே போனான், நான் கேட்டுக்கு வெளியே நின்றேன்.

அதன்பிறகு சில வருஷம் கடைகளில் சில்லறை வேலை. பார்வதிக்கு அங்கேயே பிறந்து குடியுரிமை பெற்ற ஒரு பையனைப் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தோம். அந்த உரிமையால் அவள் அங்கே இருக்க வழி கிடைத்தது. எங்கள் அனுமதிச் சீட்டு அடுத்த முறை நீளவில்லை. கிளம்பும் நாளில் தங்கராசு ஸ்டேஷனுக்கு வந்தான். அதுவரை பேசாத ஒன்றை அன்றைக்குப் பேசினான்.

"நீங்க போனா ஒங்களுக்குப் பரிவட்டம் கட்டுவாங்கண்ணே. மூத்த கொடி. ஊரே எந்திரிச்சு நிக்கும். நான் போனா எனக்கு அங்கிட்டு ஒரு எலை போடக்கூட ஆளில்ல. எங்காத்தா இன்னும் அந்த ஊரு பேரச் சொல்லித்தான் அழுவுது."

"பரிவட்டத்தக் கட்டிக்கிட்டு யார்டு கேட்டத் தாண்ட முடியுமாடா?"

"முடியாதுதான். இருந்தாலும் எனக்கு அதுமேல ஒரு கண்ணு. சின்ன வயசுலேர்ந்தே."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருஷம் நான் அவனைப் பார்த்து வெந்ததுபோல அவனும் என்னைப் பார்த்து வெந்திருக்கிறான். அதைக் கேட்டு மனசு ஆறியது என்று எழுதினால் பொய். என்னிடம் இருப்பதை இவன் எதற்குக் கேட்கிறான் என்றுதான் முதலில் தோன்றியது.

ஊருக்கு வந்தோம். கோயில் திருவிழாவில் பரிவட்டம் கட்டினார்கள், அவன் சொன்னது சரிதான். திருவிழா முடிந்து துணியை அவிழ்த்ததும் பழையபடி சிலோன்காரர். பிழைப்புக்குத் தென்னங்கன்று விற்கிறேன். போன வருஷம் பார்வதி முழுகாமல் இருப்பதாகச் செய்தி வந்தது. ஊருக்கு வந்த ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்: ஏழாம் மாசம் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போகட்டும். மீனாட்சிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கறம்பக்குடிச் சந்தைக்குப் போய்ப் பிரசவ மருந்துச் சாமான் எல்லாம் வாங்கிவந்து, சுக்கும் திப்பிலியும் இடித்து, தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் போகப்போவதில்லை என்றேன். அவள் முதலில் அதை விளையாட்டு என்று நினைத்தாள்.

"ஏங்க, பெத்த வீடு குத்துக்கல்லாட்டம் இருக்கையில எம்மக ஆஸ்பத்திரியில கெடக்கணுமா? ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். நான் இந்த ஊருல பொறந்ததுக்குப் பட்டது போதாதா? அந்தப் புள்ளையும் இங்கிட்டு வந்து பொறந்து படணுமா?"

"மாப்பிள்ளைக்குத்தான் அந்த ஊரு உரிமை இருக்குல்ல? எங்க பொறந்தாலும் பதிஞ்சுக்கலாமுன்னு வக்கீலே சொன்னாருன்னீங்க?"

"இன்னைக்கு அப்படிச் சொல்றாங்க. நாளைக்கு வேற சட்டம் போட்டா?"

அவள் உலக்கையைச் சுவரில் சாய்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப நான் இங்க வந்து பெத்ததுனாலதான் ஒங்களுக்கு அந்தச் சீமை போச்சு. அதானே? இத்தன வருசமா அதத்தானே மனசுல வச்சிருக்கீங்க?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேச்சு மட்டும் இல்லை.

நான் போகவில்லை. வர வேண்டாம் என்று பார்வதிக்குச் சொல்லி அனுப்பினேன். அங்கே தங்கராசின் அம்மா, என் சித்திதான், அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய் வளையல் அடுக்கினாளாம். பெண் குழந்தை பிறந்தது, தாயும் சேயும் நலம் என்று தந்தி வந்தது. தந்திக்காரருக்கு மிட்டாய் கொடுத்துவிட்டுத் திரும்பினால் மீனாட்சியைக் காணோம். இடித்து வைத்த மருந்தையெல்லாம் எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போயிருந்தாள். அங்கே ஒரு வீட்டில் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்து ஆண்பிள்ளை பெற்றிருந்தாள். காலை நீட்டிக் குழந்தையைப் படுக்கவைத்து வெந்நீர் வார்த்துக்கொண்டிருந்தாள் மீனாட்சி. வாசலில் நின்று பார்த்தேன். மகள் உள்ளே இருக்க, பேரன் அழ, அந்த வீட்டுக்காரர் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த அலட்சியத்தைப் பார்த்து எனக்கு வந்த பொறாமை, குடியுரிமைச் சட்டம் வந்த அன்றுகூட வரவில்லை. தங்கராசு இந்நேரம் என் பேத்தியைக் கையில் வைத்திருப்பான் என்பதும் நினைவுக்கு வந்தது.

சில நாள் கழித்து, பேச்சில்லாவிட்டாலும், இரண்டு பேருமாக ஜோசியரிடம் போனோம். குழந்தைக்கு ஜாதகம் கணிக்க வேண்டுமே. பிறந்த நேரத்தைச் சொன்னேன். "பொறந்த ஊரு?" என்றார்.

"திருகோணமலை" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்தில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் வம்சத்து மூத்த கொடியில் இந்தக் கேள்விக்கு இப்படிப் பதில் சொல்ல முடிந்த முதல் ஆள் அந்தப் பச்சைமண். எனக்கு அவள்மேல் வந்தது பாசமா பொறாமையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "அப்ப இங்கத்திக் கணக்கு ஆகாதுங்க. அந்த ஊரு கெழக்கால இருக்கு. நமக்கு முந்தி அங்க பொழுது விடிஞ்சிரும். அதுக்குத் தக்கனதான் போடணும்" என்றார்.

மீனாட்சி என் பக்கம் திரும்பினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

"அப்ப நம்ம எந்திரிக்கையில எம்பேத்தி ஏற்கெனவே முழிச்சிருக்குங்களா?"

ஆமாம் என்றேன். அதன்பிறகு அவள் விடிவதற்கு முன்பே எழுந்துகொள்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. நானும் எழுந்துவிடுகிறேன்.